உறைமோர் இல்லாமல் ஒரு பில்டு

ஆபீசில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய குடையும் சாப்பாட்டுப் பையும்தான் உட்கார்ந்திருக்கும். அவர் நின்றுகொண்டே கீபோர்டைத் தட்டுவார், நடந்துகொண்டே யோசிப்பார். அவருடைய மேஜையிலிருந்து தண்ணீர் கேன் வரைக்கும் தரைவிரிப்பு ஒற்றையடிப் பாதை மாதிரி தேய்ந்து கிடக்கும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவர் எந்த மேடையிலும் ஆடியவர் இல்லை, கால் பிறவியிலேயே அப்படி. ஆபீசில் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். அது வீடு வரைக்கும் போய்விட்டது. யாராவது போன் செய்து, "சக்கரம் இருக்காரா?" என்று கேட்டால், "சுத்திக்கிட்டு இருக்காரு, நின்னதும் சொல்றேன்" என்பாள் அவர் மனைவி.

அவளோ நேர் எதிர். உட்கார ஆசைப்பட்டவள், உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. துணிக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே இரண்டு முட்டியையும் தேய்த்துவிட்டாள். வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்து இரண்டு தடவை தள்ளிப் போயிற்று. முதல் தடவை வாசலில் பையை எடுத்து வைத்த பிறகு ஆபீசிலிருந்து போன் வந்தது. இரண்டாம் தடவை பாதி வழியில் வந்தது. டாக்சியைத் திருப்பச் சொன்னவர் இவர்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது நாள் குறித்தார்கள், வியாழக்கிழமை. அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவையும் உங்களுக்கு முடியலைன்னா நான் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

"எதுக்கு அப்படிப் பேசுற? நான் வராம யாரு வருவா?"

"சண்டைக்குச் சொல்லலைங்க. சும்மா சொல்றேன்."

சண்டைக்குச் சொல்லியிருந்தால் அவருக்குப் பயமில்லை. அந்தச் 'சும்மா' தான் பயமாக இருந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். போன வேலை மறந்து திரும்பி வந்தார்.

ஏன் இவர் இல்லாமல் ஆபீசுக்கு ஆகாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆபீசில் பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். ஒரே மூட்டையாக எழுத முடியாது, துண்டு துண்டாக எழுதுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். எல்லாவற்றையும் சேர்த்து மெஷினுக்குள் போகிற சரக்காகக் கட்டுவதற்குப் பில்டு என்று பெயர். கட்டுகிற வேலை சக்கரத்தினுடையது.

துண்டுகளில் பெரிசு இரண்டு. ஒன்று வழி. எந்த பஸ், எந்த நிறுத்தம், எங்கே திரும்பும் என்பதெல்லாம் அதில். இன்னொன்று கட்டணம். பயணி எங்கே ஏறி எங்கே இறங்குகிறான் என்று தெரியாமல் கட்டணம் போட முடியாது, அதனால் கட்டணம் போய் வழியைக் கேட்கும். இருப்பதிலேயே மலிவான வழியைக் காட்டு என்று கண்டக்டர் பொத்தானை அமுக்கினால் வழி போய்க் கட்டணத்தைக் கேட்கும். கேட்பதில் தப்பில்லை. கட்டும்போதுதான் வினை. வழியைக் கட்டக் கட்டணம் தயாராக இருக்க வேண்டும், கட்டணத்தைக் கட்ட வழி தயாராக இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படிக் கட்டினார்கள்? தயிர் இல்லாமல் தயிர் தோய்க்க முடியாது, கொஞ்சம் உறைமோர் வேண்டுமல்லவா, அந்த மாதிரி. என்றைக்கோ கட்டி முடித்த பழைய கட்டணம் ஒன்று சக்கரத்தின் மேஜைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது. அதை வைத்து வழியைக் கட்டுவார், உறையில் இருக்கிற கட்டணம் அதற்குள் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வழியை வைத்துப் புதுக் கட்டணத்தைக் கட்டுவார். பிறகு புதுக் கட்டணத்தை வைத்து வழியை இன்னொரு சுற்று கட்டுவார். இரண்டாம் சுற்றில் பழசு கழுவிக்கொண்டு போய்விடும். ஆபீசில் எல்லோரும் அந்தப் பழைய பிரதியை உறை என்றே சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டர் மேல் 'கை வைக்காதே' என்று ஒட்டியிருக்கும். பெருக்க வருகிற அம்மா துடைப்பத்தைக்கூட அந்தப் பக்கம் நீட்ட மாட்டாள்.

கட்டணத்தில் புதிதாக ஏதாவது சேர்த்து, அதை வழியும் கேட்க ஆரம்பித்துவிட்டால் தலைவலி. பழைய உறையில் அது இருக்காது, பில்டு விழுந்துவிடும். சக்கரம் உறையைத் திறந்து, அது இருக்கிற மாதிரி கையால் ஒரு பொய்யைச் செருகி மூடுவார். எங்கே செருகுவது, எவ்வளவு செருகுவது என்பது அவருக்கு மட்டும்தான் கை வந்திருந்தது. வாசலில் பையை வைத்த அன்றும், டாக்சியில் போன அன்றும் அந்தப் பொய்யைச் செருகத்தான் கூப்பிட்டார்கள்.

வைத்தியம் யாருக்கும் தெரியாமல் இல்லை. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையின் மூலையில் வருஷக்கணக்காக எழுதியே கிடந்தது: 'நிறுத்தத்தைத் தனியே எடு.' வழிக்குள் இருக்கும் நிறுத்தங்களை மட்டும் உருவி மூன்றாவது துண்டாக வைத்துவிட்டால் கட்டணம் அந்தத் துண்டைக் கேட்டுக்கொள்ளும், வழி பக்கமே போகாது. வட்டம் அறுந்துவிடும். எழுதியவர் கையெழுத்துகூட வெளிறிப் போய்விட்டது. செய்தவர்தான் இல்லை.

செய்ய வேண்டியவர்கள் இரண்டு பேர். வழியை எழுதுகிறவர், கட்டணத்தை எழுதுகிறவர். வழிக்காரரின் தங்கையைத்தான் கட்டணக்காரர் கட்டியிருந்தார். அந்த ஆபீசில் ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். மற்றவர்களுக்கு அது சட்டம், இவர்களுக்கு அதற்கு மேல் சம்பந்த மரியாதை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்பார்கள்.

"போங்க மாப்ள."

"நீங்க போங்க மச்சான்."

"அட, போங்கன்னா."

பின்னால் பசியோடு நிற்கிறவர்கள் படிக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். நிறுத்தத்தை எடுக்கிற விஷயமும் அதே கதவுதான். "மாப்ள முதல்ல மாத்தட்டும், மாத்தாம நான் எடுத்தா அவருது உடைஞ்சிடும்" என்பார் வழிக்காரர். "மச்சான் முதல்ல எடுக்கட்டும், எடுக்காம நான் எங்கேன்னு போய் மாத்துறது?" என்பார் கட்டணக்காரர்.

திங்கட்கிழமை சக்கரம் தன் வேலையைப் புதுசுக்குக் கற்றுக் கொடுக்க உட்கார்ந்தார், அதாவது நின்றார். புதுசு என்பது அவளுடைய பெயர் இல்லை. சேர்ந்த அன்றைக்கு யாரோ சொன்னது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போகிறது, இன்னும் புதுசுதான். அவளுடைய கம்ப்யூட்டரில் பில்டை ஓட்டினார்கள். போன வேகத்தில் விழுந்தது.

"உறை இல்லாம எப்படிம்மா தோயும்?" என்று சொல்லி, பென் டிரைவில் அதை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை பில்டு ஏறியது. சக்கரத்துக்கு மனசு லேசாயிற்று. இதைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று தண்ணீர் கேனுக்குப் போய் வந்தார்.

திரும்பி வந்தபோது அவள் டிக்கெட் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கண்டக்டர்கள் ஒரு புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலிவான வழி எது என்று அமுக்கினால், எங்கே போகிறவனையும் மெஷின் புதுப் பாலத்து வழியாகவே போகச் சொல்கிறது. அடுத்த தெருவுக்குப் போகிறவனுக்கும் பாலம்தான். மச்சானும் மாப்பிள்ளையும் தங்கள் தங்கள் துண்டை அலசிவிட்டார்கள். இரண்டிலும் ஒரு குற்றமும் இல்லை.

"அண்ணே, பாலத்து நிறுத்தத்துக்குக் கட்டணம் எவ்வளவு தெரியுமா?" என்றாள் புதுசு.

"எவ்வளவு?"

"பூஜ்யம். ஓசிப் பயணம். சும்மா ஏத்திக்கிட்டுப் போற வழியை விட்டுட்டு மெஷின் வேற எதைக் காட்டும்?"

"கட்டணத்துல பூஜ்யம்னா எழுதியிருக்கு?"

"அங்க சரியா இருக்கு. வழியிலயும் எதுவும் இல்லை. எங்கயிருந்து வருதுன்னுதான் பார்க்கிறேன்."

சக்கரத்துக்குக் கால் நின்றுவிட்டது. பாலம் திறந்தபோது உறைக்குள் அந்த நிறுத்தத்தைச் செருகியவர் அவர்தான். இடத்தை அடைக்கப் பூஜ்யம் போட்டிருந்தார். எப்போதும் போடுவதுதான், இரண்டாம் சுற்றில் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த இரண்டாம் சுற்றை அவர் கொஞ்ச நாளாக ஓட்டுவதில்லை. அது முடிகிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரு சுற்றே போதும் என்று வெட்டிவிட்டார். பானையின் அடியில் கிடந்த புளிப்பு ஊர் பூராவும் பரவியிருந்தது.

"நான்தாம்மா" என்றார். "என் அவசரம்."

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள் என்று பட்டது.

இரண்டாம் சுற்றைத் திரும்பப் போட்டால் பூஜ்யம் போய்விடும், அது பெரிய காரியமில்லை. ஆனால் புதன்கிழமை கட்டணக்காரர் முதியவர் சலுகையைச் சேர்க்கப் போகிறார். வழியும் அதைக் கேட்கும். வியாழக்கிழமை பில்டு விழும். பொய் செருக ஆள் வேண்டும். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது போன் அடிக்கும். மனைவி தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். பேச மாட்டாள்.

அவர் அந்த ஒற்றையடிப் பாதையில் போனார், வந்தார், மறுபடி போனார். யாரோ, "உக்காருங்க சக்கரம், எங்களுக்குத் தலை சுத்துது" என்றார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வந்து சேர்ந்த நேரம் மேஜைக்கு அடியில் குனிந்து, நாலு தட்டுத் தட்டினார். நிமிர்ந்து நேராக மச்சான் மாப்பிள்ளை மேஜைக்குப் போனார்.

"பானையைக் கழுவிட்டேன்."

"எந்தப் பானையை?" என்றார் வழிக்காரர்.

"உறையை. அழிச்சாச்சு. இனிமே யாராலயும் பில்டு போட முடியாது. என்னாலயும் முடியாது."

கட்டணக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடாதீங்க சக்கரம். நாளைக்குச் சரக்கு போகணும்."

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குப் போகணும்னா இன்னைக்கு நிறுத்தத்தை வெளியே எடுக்கணும். பாலத்துப் பூஜ்யமும் என் கைவேலைதான், அதையும் சொல்லிடுறேன். திட்டணும்னா வேலை முடிஞ்சதும் திட்டுங்க."

"இது மிரட்டல் இல்லையா?" என்றார் வழிக்காரர்.

"ஆமாங்க. மிரட்டல்தான். வியாழக்கிழமை என் வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேஷன். ரெண்டு தடவை உங்களுக்காகத் திரும்பி வந்தேன். மூணாவது தடவை திரும்பினா வீட்டுல எனக்கு இடம் இருக்கும், பேச ஆள் இருக்காது."

கட்டணக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்.

"எங்கயாவது ஒரு காப்பி இருக்குமே? நீங்க அப்படியெல்லாம் முழுசா அழிக்கிற ஆள் இல்லையே?"

சக்கரம் புதுசைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். காலையில் கொடுத்த பென் டிரைவ் அவள் கைப்பையில்தான் இருந்தது. அவள் பையை மடியில் எடுத்து வைத்து, அதன் மேல் கையைக் கோத்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றாள் அவள். "நானும் தேடிப் பார்த்துட்டேன்."

"அப்ப மாப்ள, நீங்க முதல்ல மாத்துங்க" என்றார் வழிக்காரர்.

"நீங்க எடுக்காம நான் எப்படி மச்சான்?"

"ரெண்டு பேரும் மறுபடி கதவைப் பிடிச்சிக்கிட்டீங்களா?" என்றாள் புதுசு. ஆபீசில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை, காது சிவந்தது. சிவந்த காதோடு கட்டணக்காரர்தான் வழி கண்டுபிடித்தார்.

"மச்சான், வீடு மாத்துறவன் என்ன பண்றான்? பழைய வீட்டுக் கதவுல புது விலாசத்தை ஒட்டிட்டுப் போறான். நீங்க நிறுத்தத்தை வெளியே வைங்க. பழைய இடத்துல, அங்க போன்னு ஒரு சீட்டு மட்டும் விடுங்க. நான் பழைய கதவைத் தட்டினாலும் புது வீட்டுக்குப் போயிடுவேன். எதுவும் உடையாது. அப்புறம் நான் ஒவ்வொண்ணா புது விலாசத்துக்கு மாத்துறேன். எல்லாம் மாறினதும் சீட்டைக் கிழிச்சிடுங்க."

"இதை நாலு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே மாப்ள."

"நீங்க மூத்தவர், சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வேலை ஆரம்பித்தது. வழிக்காரர் எடுத்தார், சீட்டு ஒட்டினார். கட்டணக்காரர் தன் துண்டில் எங்கெங்கே வழியின் கதவைத் தட்டியிருக்கிறார் என்று தேடித் தேடி மாற்றினார். முடிகிறபாடாக இல்லை. கடைசியில் வழிக்காரர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாதியை எனக்குக் கொடுங்க மாப்ள, நான் மாத்துறேன்." "என்னுதுல நீங்க கை வைக்கலாமா?" "தங்கச்சியையே கொடுத்தாச்சு, இதுல என்ன?" என்றார். அந்த ஆபீசின் சட்டம் அந்த நிமிஷம் ஒழிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

சக்கரத்துக்கு ஒரு வேலையும் இல்லை. கட்டுகிறவனுக்குக் கட்டப் பொருள் வர வேண்டுமே. எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்று விரல் நீட்டினார். "தெரியும், வர்றேன்" என்றார்கள். தண்ணீர் குடித்தார். குடித்ததற்காக வெளியே போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று போனது. கண்டக்டர் மெஷினைப் பார்த்துப் பயணியிடம் ஏதோ சொல்ல, பயணி கையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. அவனையும் பாலத்துக்குத்தான் அனுப்புகிறது போல. சக்கரம் ஜன்னலை விட்டு நகர்ந்தார்.

வெயில் மேஜையை விட்டு இறங்கிய நேரத்தில் வழிக்காரர் சீட்டைக் கிழித்தார். புதுசு தன் கம்ப்யூட்டரில் பில்டை ஓட்டினாள். விழுந்தது. சக்கரத்தின் கை தன்னாலேயே மேஜைக்கு அடியில் போயிற்று. அங்கே செருக ஒன்றுமில்லை என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"போகவர டிக்கெட்டுல ஒரு இடம் இன்னும் வழியைக் கேட்குது" என்றாள் புதுசு.

"அட, அது நான் தூக்கக் கலக்கத்துல எழுதினது" என்றார் கட்டணக்காரர். மாற்றினார். மறுபடி ஓட்டினாள். முதலில் நிறுத்தம் ஏறியது. அடுத்து கட்டணம், யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏறியது. கடைசியில் வழி. ஒரே சுற்று. மெஷினில் போட்டு அமுக்கிப் பார்த்தார்கள். பாலத்துக்குப் பாலத்தின் கட்டணம் காட்டியது. அடுத்த தெருவுக்குப் போகிறவனை அடுத்த தெருவுக்கே அனுப்பியது.

"இப்பத் திட்டலாமா?" என்றார் வழிக்காரர்.

"திட்டுங்க" என்றார் சக்கரம்.

"நாளைக்குத் திட்டுறோம். பசிக்குது." இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்குப் போய் மறுபடி நின்றார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அவர் நடந்தார். மனைவியை உள்ளே கொண்டு போகும்போது, "போன் எங்க?" என்று கேட்டிருந்தாள். "பையில" என்றார். "வந்தா?" என்றாள். "வராது" என்றார். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை, கதவு மூடிக்கொண்டது.

போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். முதியவர் சலுகை சேர்ந்திருக்கும், பில்டு போட்டிருப்பார்கள். அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். அடிக்காமலே இருந்ததும் இன்னொரு விதமாகக் குடைய ஆரம்பித்தது. ஒரு வார்த்தை கேட்கக்கூடவா தோன்றவில்லை? தானாகக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எண்ணை எடுத்தார். நர்ஸ் வந்து, "ஐயா, நீங்க நடக்கிறதைப் பார்த்தா உங்களுக்குத்தான் முட்டி மாத்தணும் போல" என்றாள். அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. புதுசு அனுப்பியிருந்தாள். 'சலுகையோட பில்டு ஏறிடுச்சு. பையில இருந்ததையும் கழுவிட்டேன் அண்ணே. அக்கா எப்படி இருக்காங்க?'

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். இனி எங்கேயும் ஒரு சொட்டுக்கூட இல்லை. மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை இனி யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். சந்தோஷம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மனைவியை எழுப்பி நடக்க வைத்தார்கள். நாலு கால் வைத்த கம்பிச் சட்டத்தை முன்னால் தள்ளி, ஒரு காலை எடுத்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த காலை இழுத்தாள். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட வந்தார். பேசி முடித்துத் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. வராந்தாவின் பாதிக்கு அவர் போயிருந்தார், அவள் கதவருகிலேயே நின்றாள். ஓடி வந்தார்.

"போன் வரலையா?" என்றாள்.

"வரலை."

"அதான் முகம் இப்படி இருக்கா?"

"எப்படி இருக்கு?"

"கடையில சேல்ஸ் இல்லாத நாள்ல எங்க முதலாளி முகம் மாதிரி." சட்டத்தை ஒரு சாண் தள்ளினாள். "நீங்க இல்லாம அங்க ஓடுதுன்னு இருக்கட்டும். இங்க ஓடலை. வாங்க, என் நடைக்கு நடங்க."

அவர் வந்து நின்றார். அவள் ஒரு அடி வைத்தாள். அவர் ஒரு அடி வைத்தார். அடுத்த அடிக்கு அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கால் செருப்புக்குள் துடித்தது. அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு நின்றார்.